ஈய மணல் சும்மா கிடக்கும் நிலமல்ல

ஈப்போவிலிருந்து பத்து காஜா பக்கம் போகிற எவருக்கும் அந்த மணல் தெரியும். லாகாட் தாண்டிப் பாப்பான், பூசிங் என்று போகப் போக, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நடுவே திடீரென்று வெள்ளை வெளேரென ஒரு வெளி திறக்கும். நடுவில் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்தில் ஈயக்குட்டை. மரம் இருக்காது. இருந்தாலும் நிழல் போதாது. "அது சும்மா கிடக்கிற நிலம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். நிலம் விற்பவர் அப்படிச் சொல்கிறார். மண் அள்ள அனுமதி கேட்பவரும் அப்படித்தான் சொல்கிறார். நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த மணலில் வண்டியை நிறுத்தித் தனியாக ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். கிந்தா பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் ஈய நிலத்தைப் பேராக் மாநில அரசு சட்டப்படி காக்க வேண்டும், நாமும் போய் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் புந்தோங்காரி. பல்லாண்டு காலம் பள்ளி வேன் ஓட்டிப் பிழைத்தவள். விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றி, மத்தியானம் இறக்கி, மறுபடி மாலைப் பள்ளிக்கு ஏற்றி என்றே என் வாழ்க்கை ஓடியது. என் அம்மா பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, வேலை குறைந்து, லயம் காலியானபோது எங்கள் குடும்பமும் பல குடும்பங்களைப்போலப் புந்தோங்குக்கு வந்தது. கச்சாங் பூத்தேயும் முறுக்கும் போடும் குடும்பங்கள், தவுகே முளைக்கட்டும் சீனர் வீடுகள், மேற்கே கிளேடாங் மலை என்று நெருக்கமான ஊர் இது. இங்கே யாரும் தனியாக இருக்க முடியாது. பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்ந்தால் நம் வீட்டுக்கு வாசம் வரும். அந்த நெருக்கத்தில்தான் வளர்ந்தேன், அதை நான் நேசிக்கிறேன். ஆனாலும் பிள்ளைகள் தலையெடுத்து, வேன் தொழிலையும் விட்ட பிறகு, பின்னிருக்கைகளைக் கழற்றிப் பலகை போட்டு, மெத்தை விரித்து, ஜன்னலுக்குக் கொசுவலை தைத்து, ஈய மணலுக்குப் போகத் தொடங்கினேன்.

என் தங்கை முதலில் கேட்டது: "ஏங்க்கா, ஒத்தையில அங்க போயி என்னக்கா பண்ணுவ? பாக்க ஒண்ணுமே இல்லியே!" பாக்க ஒண்ணுமில்லை என்று அவள் நம்பியதற்குக் காரணம், எங்கள் தெருவில் யாருமே அங்கே போய் உட்கார்ந்ததில்லை. மீன் பிடிக்கப் போவார்கள், குப்பை கொட்டப் போவார்கள், பையன்கள் மோட்டார் ஓட்டப் போவார்கள். யாரும் அந்த நிலத்தைப் பார்ப்பதற்கென்று போனதில்லை.

தனியாகப் போவதில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. வெட்டவெளியில் ஒளிய இடம் கிடையாது. நான்கு பேர் சேர்ந்து நடந்தால் அரை மைலுக்கு அப்பால் இருக்கும் பறவையும் எழுந்து போய்விடும். வண்டிக்குள் ஒருத்தி அசையாமல் இருந்தால் கதை வேறு. பறவைகளுக்கு மனித உருவத்தைக் கண்டால்தான் பயம். நின்றுகொண்டிருக்கும் வேனை அவை பொருட்படுத்துவதில்லை. இயந்திரத்தை நிறுத்தி, ஜன்னலைப் பாதி இறக்கி, வாயை மூடி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஆள்காட்டிக் குருவி டயர்ப் பக்கத்திலேயே நடந்து போகும். துணைக்கு ஆள் இருந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் பறவை போகும். தனிமையை ஒரு துக்கம்போலப் பார்க்கிற நம் சமூகத்துக்கு இதைப் புரியவைக்க நாளாகும். என்றாலும் இது உண்மை. தனியாக இருக்கும் பெண் கைவிடப்பட்டவள் என்று அர்த்தமில்லை. அவள் எதையோ கவனித்துக்கொண்டிருக்கலாம்.

அந்த மணல் எப்படி வந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். உலகத்தின் மிகச் செழிப்பான ஈய வயல்களில் ஒன்று நம் கிந்தா பள்ளத்தாக்கு. திறந்தவெளிச் சுரங்கங்களில் பெரிய குழாய்முனையால் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை உடைத்தார்கள். உடைந்த சேற்றைப் பம்பு வைத்து உயரே ஏற்றி, பாலோங் என்ற நீண்ட சரிவான மரத்தொட்டியில் ஓடவிட்டார்கள். ஈயக் கல் கனமானது. குறுக்கே அடித்த சட்டங்களில் அது தங்கிவிடும். மணலும் களியும் அடித்துக்கொண்டு கீழே போகும். கனமான மணல் பக்கத்திலேயே குவிய, மெல்லிய களி தூரத்தில் போய்ப் படியும். இன்றும் மணல்மேடும் சேற்றுத்தரையும் அடுத்தடுத்து இருப்பது இதனால்தான். சதுப்பான இடங்களில் ஈயக்கப்பல் வேலை செய்தது. தன் குட்டையைத் தானே தோண்டிக்கொண்டு, அதிலேயே மிதந்துகொண்டு, வாளிச் சங்கிலியால் மண்ணை அள்ளி, ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் கொட்டிக்கொண்டே நகரும். தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கிற டிடி5 ஈயக்கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. எடை 4,500 டன். 1980-களின் தொடக்கம் வரை அது ஓடியது. இப்போது பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். அந்த இரும்பு மாளிகை கடித்துத் துப்பியதன்மேல்தான் நாம் நடந்துகொண்டிருக்கிறோம்.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பம்புகள் நின்றன. மேல்மண் போய், சத்துப் போய், தண்ணீரைத் தேக்கி வைக்கத் தெரியாத மணல் மட்டும் மிஞ்சியது. மழை மிகுந்த இந்த நாட்டில், மழை பெய்தும் காய்ந்து கிடக்கும் நிலம் அது. மத்தியானத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. பளபளக்கும் படிகக்கல் மணலில் வெயில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கும். பாலை தனியாகப் பிறந்த நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் வளம் கெட்டுத் திரிந்தால் வருவதே பாலை என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். கிந்தாவின் மணல் அந்தக் கணக்கில் அச்சு அசலான பாலை. காடாக இருந்ததை ஓர் உலோகத்துக்காக மனிதன் பாலையாக்கினான்.

ஆனால் பாலையென்றால் ஒன்றுமில்லாத இடம் என்று பொருளாகாது. விட்டுவைத்த நாற்பது ஆண்டுகளில் அந்த நிலம் என்ன செய்தது என்று பாருங்கள். முதலில் லாலான் புல் வந்தது. பிறகு ஊதாப் பூ பூக்கும் செண்டுடுக் செடி, ரெசாம் பெரணி, அப்புறம் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் அகாசியா மரம். களி படிந்த பக்கம் நாணலும் தாமரையும். செண்டுடுக் பழத்துக்குக் குருவிகள் வந்தன, குட்டை மீனுக்கு நாரைகள் வந்தன, ஈரக்கரையில் நீர்நாயின் காலடி தென்பட்டது. யாரும் உரம் போடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

நான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பது நீலத்தொண்டைப் பஞ்சுருட்டானை. உச்சந்தலையும் பிடரியும் செங்கல் பழுப்பு, தொண்டை நீலம், சிறகு பச்சை, வாலிலிருந்து இரண்டு மெல்லிய இறகு நீண்டு நிற்கும். இத்தனை நிறமும் உள்ள பறவை கூடு வைப்பது மரத்தில் இல்லை, மணலுக்குள். மேட்டின் பக்கச்சுவரில்தான் என்றில்லை, சமதரையிலேயே துளை போடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வேன் ஜன்னலிலிருந்து பார்த்தால் தரையிலிருந்து மணல் தானாகத் தெறிப்பதுபோல இருக்கும். பறவை துளைக்குள் தலையைக் கொடுத்து அலகால் குத்தி, காலால் பின்னுக்கு மணலைத் தள்ளுகிறது. இணைப் பறவை பக்கத்துச் செண்டுடுக் கிளையில் காவல் இருக்கிறது. இரண்டும் வேலையை மாற்றிக்கொள்கின்றன. ஒரு முறை அந்தக் கிளைக்காரப் பறவை தேனீயைப் பிடித்து வந்தது. உடனே விழுங்கவில்லை. தலையைக் கிளையில் இரண்டு அடி. பிறகு தேனீயைப் பிடித்த பிடி மாற்றி, அதன் பின்புறத்தைக் கிளையில் வைத்து அழுத்தித் தேய்த்தது. கொடுக்கின் நஞ்சு கழிந்த பிறகுதான் துணைக்கு ஊட்டியது. அது நடந்தது என் கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்றே அப்பால். அந்தப் பறவைக்குத் தோட்டத்து மண் வேண்டாம், வளமான களி வேண்டாம். தோண்டினால் இடிந்து விழாத, வேர் பின்னாத, வெயிலில் உலர்ந்த மணல்தான் வேண்டும். நாம் கெட்டுப்போனது என்று ஒதுக்கிய நிலம் அதற்குத் தொட்டில்.

பத்து காஜா அருகில் கிந்தா இயற்கைப் பூங்கா என்று அறியப்படும் பகுதி இருக்கிறது. பழைய ஈயக்குட்டைகளும் அவற்றுக்கிடையே எழுந்த புதர்க்காடும் சேர்ந்த இடம். மலேசியாவின் பெரிய நாரைக் குடியிருப்புகளில் ஒன்று அங்கே உண்டு. சாம்பல் நாரை, செந்நாரை, வெள்ளைக் கொக்குகள், வக்கா எல்லாம் ஒன்றாகக் கூடு வைக்கின்றன. சாயங்காலம் வண்டியை நிறுத்தி மேற்கே பார்த்தால் வெள்ளைக் கொக்குகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். அதே நேரத்தில் பகலெல்லாம் தூங்கிய வக்காக்கள் "குவாக்" என்று கத்திக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பும். மெங்லெம்பு தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் நேரம்போல, வருகிறவர் ஒரு பக்கம், போகிறவர் ஒரு பக்கம். செப்டம்பர் தொடங்கினால் வடக்கிலிருந்து வலசை வரும் பட்டாணி உப்புக்கொத்திகள் சேற்றுத்தரையில் ஓடி ஓடி இரை பொறுக்கும். இத்தனை தூரம் பறந்துவந்த பறவை இறங்கத் தேர்ந்தெடுத்த இடத்தை நாம் எதற்கும் உதவாத இடம் என்கிறோம்.

இருட்டிய பிறகுதான் மணல் நிஜமாகக் கண் விழிக்கிறது. பகல் சூடு வேகமாக இறங்கிவிடும். விடிவதற்குள் வேன் கூரை பனியில் நனைந்திருக்கும். பக்கிக் குருவி மரத்தைத் தட்டுவதுபோல டொக், டொக் என்று இடைவிடாமல் ஒலி எழுப்பும். கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்தால் தரையில் இரண்டு செங்கண் ஒளிரும். பக்கி கூடே கட்டாது. வெறுந்தரையில் முட்டையிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பகலில் ஓரடி பக்கத்தில் நின்றாலும் காய்ந்த இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆள்காட்டியும் அப்படியே, சின்னக் குழியில் முட்டை வைக்கும். அந்த மணல்மீது பையன்கள் ஸ்க்ரம்ப்ளர் மோட்டாரையும் நான்கு சக்கர வண்டியையும் ஓட்டி விளையாடும்போது டயருக்கு அடியில் என்ன போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் செய்ய மாட்டார்கள் என்று நம்புகிறேன். பள்ளி வேனில் இத்தனை பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் கொடியவர்கள் அல்ல. அவர்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை.

மோட்டாரைவிடப் பெரிய ஆபத்து லாரி. கட்டடம் கட்ட மணல் வேண்டும், பழைய ஈய நிலத்தில் மணலுக்குப் பஞ்சமில்லை. 2022-இல் ஈயத்தின் உலக விலை முன்னெப்போதும் இல்லாத உயரத்தைத் தொட்டது. விலை ஏறும்போதெல்லாம் பழைய மணலை மறுபடி புரட்டிப் பார்க்கும் ஆசையும் ஏறும். ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் அமாங் என்ற கறுப்பு மணலிலும் காசு இருக்கிறது. அதில் ஒரு பகுதியான மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் உண்டு, கூடவே கதிர்வீச்சுள்ள தோரியமும் உண்டு.

இதை நம் பக்கத்து மக்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. புந்தோங்கிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் நிறுவனம் 1982-இல் மோனசைட்டைப் பதப்படுத்தத் தொடங்கியது. கழிவைப் பாப்பானில் வைக்கத் திட்டமிட்டபோது 1984-இல் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994-இல் நிறுவனம் தானே மூடிக்கொண்டது. கழிவு கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டது. நான் வேனைக் கிளப்பும்போதெல்லாம் கண்ணில் படும் மலை அது. ஒரு நிலத்தைச் சும்மா கிடக்கிறது என்று முடிவுகட்டினால், அடுத்து அங்கே என்ன வேண்டுமானாலும் கொட்டலாம், எதை வேண்டுமானாலும் தோண்டலாம் என்று ஆகிவிடும். பெரிய சேதம் எல்லாம் அந்தச் சின்னத் தீர்ப்பில்தான் தொடங்குகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் ஜெய்சல்மேர் பக்கம் கானமயில் என்ற பெரிய பறவை வாழ்கிறது. ஒருகாலத்தில் தமிழ்நாடு வரை பரவியிருந்த பறவை. இன்று உலகில் மிஞ்சியிருப்பது 150-க்கும் குறைவு. வேட்டையிலும் புல்வெளி இழப்பிலும் குறைந்துபோன அதற்கு இப்போது மின்கம்பி எமனாக நிற்கிறது. வெற்று நிலம்தானே என்று பாலைவனத்தில் சூரிய மின் நிலையங்களும் காற்றாலைகளும் வந்தன, அவற்றோடு உயரழுத்தக் கம்பிகளும் வந்தன. பக்கவாட்டில் கண் அமைந்த அந்தப் பறவைக்கு நேர் எதிரே உள்ள கம்பி சரியாகத் தெரிவதில்லை. மோதிச் சாகிறது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-இல் முடிந்த இடங்களில் கம்பியைத் தரைக்கடியில் கொண்டுபோகச் சொன்னார்கள். 2024-இல் அந்த உத்தரவு மாற்றப்பட்டு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நிலம் காலியில்லை என்பதை முதலிலேயே பார்த்திருந்தால் கம்பியின் வழியை மாற்றியிருக்கலாம்.

நம்மால் முடியாததும் இல்லை. தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகாத பேராக்காரர் உண்டா? அதுவும் கைவிட்ட ஈயச் சுரங்கம்தான். 1880-லேயே அதைப் பொதுத் தோட்டமாக்கினார்கள். சிலாங்கூரில் டெங்கில் அருகே பாயா இண்டா சதுப்புநிலமும் பழைய ஈய நிலமே. இன்று வனவிலங்குத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ள விஷயம். மாநிலப் பூங்கா அமைப்பதற்கான சட்டம் பேராக்கிடம் 2001 முதல் இருக்கிறது. ரோயல் பெலும் பெருங்காட்டை 2007-இல் அதன்கீழ்தான் அரசிதழில் பதிவு செய்தார்கள். 2018-இல் கிந்தா பள்ளத்தாக்குக்குத் தேசியப் புவிப்பூங்கா என்ற பெருமையும் கிடைத்தது. சுண்ணாம்பு மலையைக் காட்டிச் சுற்றுலாப் பயணிகளை அழைக்கிறோம். மலையின் காலடியில் கிடக்கும் மணலையும் குட்டையையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டாமா? கிந்தா இயற்கைப் பூங்காவுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று மலேசிய இயற்கைக் கழகத்தின் பேராக் கிளையும் உள்ளூர் ஆர்வலர்களும் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அந்தக் குரலில் தமிழர் குரல் போதாது. அது என் மனக்குறை.

தனியாகப் போக நினைப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. ஈயக்குட்டை ஆற்றைப்போலச் சரிந்து ஆழமாகாது. கரையிலிருந்து ஓரடி வைத்தாலே பாதாளம். குளிக்க இறங்காதீர்கள், தண்ணீரைக் குடிக்காதீர்கள். கரை ஓரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், மணல் உள்ளே அரித்திருக்கும். வறண்டு வெடித்த களித்தரை கெட்டியாகத் தெரியும், சக்கரம் ஏறினால் புதையும். இறங்கிக் காலால் அழுத்திப் பார்த்த பிறகே வண்டியை விடுங்கள். சாயங்கால இடிமழை கிந்தாவில் சாதாரணம். வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான் என்பதை மறக்காதீர்கள். இடி கேட்டால் வண்டிக்குள் ஏறிக் கதவை மூடுங்கள். கறுப்பு மணல் குவித்த இடத்தருகே தங்காதீர்கள். பல குட்டைகளில் மீன் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நான் கேட்டபோதெல்லாம், எந்தப் பக்கம் நாய் தொந்தரவு, எந்தப் பாதை மழையில் அறுத்துக்கொண்டது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போகிற இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வேன் இருக்கையைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் விசாரித்துக்கொள்ளுங்கள். லாலான் காய்ந்த காலத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். நான் சின்ன எரிவாயு அடுப்பில் வண்டிக்குள்ளேயே கஞ்சி காய்ச்சி நெத்திலிச் சம்பலோடு குடித்துவிடுவேன். குப்பை ஒரு துண்டுகூட அங்கே தங்காது.

இத்தனை ஆபத்து இருக்கும்போது ஏன் போக வேண்டும் என்று கேட்பார்கள். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் கூடார முகாம்மீது மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்தத் துக்கத்துக்குப் பிறகு முகாம் இடங்களுக்கு விதிகள் கடுமையாயின. அது சரியானதே. ஆனால் இடத்தை மூடுவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. ஆபத்தில்லாத இடத்தைத் திறந்து கொடுப்பதும் பாதுகாப்புதான். கரையிலிருந்து தள்ளி, தரை உறுதியான ஓரிடத்தில், சுத்தமான கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் காவலாளியும் வைத்து, தனி வண்டிகள் இரவில் தங்க ஒரு வெளி அமைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு ரவுண்டானாவுக்கு நடுவில் செய்யும் அலங்காரத்தைவிட அதிகமாகாது. அந்த இடம் வந்துவிட்டால் ஓய்வுபெற்ற ஆசிரியையும், விதவைப் பெண்ணும், வேலையில் களைத்த இளைஞனும் பயமின்றித் தனியாக வருவார்கள். கண்கள் கூடக் கூட, இரவில் திருட்டுத்தனமாகக் குப்பை கொட்டும் லாரிகள் குறையும். காக்க வேண்டிய இடத்துக்குப் பார்வையாளரே காவல்.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று. 1999-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர்ப் பறவைக் கையேட்டை எழுதியவர் ஆலன் ஜெயராஜசிங்கம். இந்த நாட்டுப் பறவைகளைத் தேடுகிற வெளிநாட்டுக்காரர்களும் கையில் எடுத்த புத்தகம் அது. நம்மில் ஒருவரின் பெயர் அதன் அட்டையில் இருக்கிறது என்று எத்தனை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்? பேராக்கின் தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுக்கொரு முறையாவது மாணவர்களை ஈய மணலுக்கு அழைத்துவர வேண்டும். டிடி5-ஐ ஏறிப் பார்க்கட்டும், பாட்டிகள் டூலாங் தட்டில் மண் கழுவிய கதையைக் கேட்கட்டும், பிறகு மணலில் ஓரமாக உட்கார்ந்து பஞ்சுருட்டான் துளை போடுவதைப் பார்க்கட்டும். பஞ்சுருட்டான், உப்புக்கொத்தி, வக்கா, செந்நாரை என்று தமிழில் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த பிள்ளை அதன் முட்டைமீது வண்டி ஓட்டாது.

பேராக் அரசிடம் நான் கேட்பது மூன்று. கிந்தா இயற்கைப் பூங்காவையும் அதைச் சுற்றி மிஞ்சியிருக்கும் குட்டை, மணல்வெளிகளையும் மாநிலப் பூங்காச் சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவு செய்யுங்கள். பறவைகள் தரையில் கூடு வைக்கும் மாதங்களில் அந்த மணல்மீது வண்டி ஓட்டத் தடை போடுங்கள். தனியாக வருகிறவர் பாதுகாப்பாக ஓர் இரவு தங்க ஓரிடம் கொடுங்கள். புந்தோங் மக்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை மண் அள்ளவோ வீடு கட்டவோ அங்கே நிலம் கேட்டு அறிவிப்பு வரும்போது, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். ஆட்சேபம் தெரிவிக்க அரசு கொடுக்கும் கெடுவுக்குள் எழுதிக் கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலமாவது அங்கே போய் உட்காருங்கள். கூட ஆள் கிடைக்கவில்லையென்றால் தனியாகவே போங்கள். நேரில் பார்த்தவரின் பேச்சுக்குத்தான் முடிவெடுப்பவர்களின் மேசையில் மதிப்பு.